தன் பெயர் ‘ஸ்டேக்’ என்று சொல்லிக்கொண்டவன்: அப்பலாச்சியன் டிரெயிலில் நடப்பவர்களை ஊரார் பார்க்கும் பார்வை

ஒரு வாசகரின் கேள்வி, 2 மார்ச் 2024

சென்ற ஆண்டு மே மாதம் வர்ஜீனியாவிலுள்ள ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். அமெரிக்காவின் நெடுந்தூர மலை நடைபாதையான அப்பலாச்சியன் டிரெயில், பூங்காவின் ஸ்கைலைன் டிரைவ் சாலையைக் கடக்கும் ஓரிடத்தில் நான்கு பேர் தரையில் கால் நீட்டி அமர்ந்திருந்தார்கள். தாடியும் அழுக்கும் ஒருபுறம் இருக்கட்டும். ஒருவரையொருவர் ‘டம்ப்ளிங்’, ‘ரிவைண்ட்’ என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். உண்மையான பெயர் என்ன என்று கேட்டதற்கு, இங்கே இதுதான் பெயர் என்று பதில் வந்தது. நாங்கள் உணவுப் பொட்டலத்தைப் பிரித்ததும் அவர்களுடைய கண்கள் அதை விட்டு அகலவில்லை. முப்பது வயதைக் கடந்தவர்கள் வேலையையும் பெயரையும் உதறிவிட்டு ஆறு மாதம் இப்படித் திரிவதைச் சாதனை என்று கொண்டாடுவது எனக்கு விளங்கவில்லை. இது கௌரவமான பிச்சை என்றே தோன்றுகிறது. நடந்து முடித்தவர்கள் யாராவது மறுக்க முடியுமா?

3 மார்ச் 2024

2019இல் ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெயின் மாநிலத்தின் கட்டாடின் சிகரம் வரை நடந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். 14 மாநிலங்கள், சுமார் 3,500 கி.மீ.; எனக்கு 171 நாட்கள் பிடித்தன. பிச்சை என்ற சொல்லுக்குப் பிறகு வருகிறேன். முதலில் பெயர்.

இரண்டாவது வாரத்தில் என் கரண்டி தொலைந்துபோயிற்று. அன்றிரவு ஷெல்டரில், அதாவது மூன்று பக்கச் சுவரும் ஒரு கூரையும் மட்டுமே உள்ள மரக்கொட்டகையில், கூடாரத்தை இழுத்துக் கட்டும் அலுமினிய முளையால் நூடுல்ஸைக் குத்திக் குத்தித் தின்றுகொண்டிருந்தேன். எதிரே அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு, ‘ஸ்டேக்’ என்றார். முளைக்கு ஆங்கிலத்தில் அதுதான் சொல். மறுநாள் காலையில் ஷெல்டரின் ரெஜிஸ்டரில், அதாவது நடப்பவர்கள் குறிப்பெழுதும் நோட்டுப் புத்தகத்தில், யாரோ அந்தப் பெயரை எழுதி, பக்கத்தில் வளைந்த முளை ஒன்றையும் வரைந்துவைத்திருந்தார்கள். சிக்கல் என்னவென்றால், மாட்டிறைச்சித் துண்டுக்கும் அதே உச்சரிப்புதான். முட்டைகூட உண்ணாத நான் அடுத்த ஐந்து மாதங்களும் ஊருக்குள் இறங்கிய ஒவ்வொரு முறையும் உணவக மேசையில் இதை விளக்கிக்கொண்டிருந்தேன். பாதையில் இருந்தவர்கள் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை, ஏனென்றால் கரண்டிக் கதை எனக்கு முன்பே அடுத்தடுத்த ஷெல்டர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

இந்தப் பெயர்கள் வெறும் விளையாட்டு என்று வெளியார் நினைப்பது இயல்புதான். ஆனால் 250க்கும் மேற்பட்ட ஷெல்டர்களிலும் கிடக்கும் அந்த நோட்டுப் புத்தகங்கள்தாம் பாதையின் தபால் நிலையம். ஒரே மாதத்தில் மைக் என்ற பெயருள்ள ஒன்பது பேர் வடக்கே நடந்தால், முழங்கால் வீங்கிப் பின்தங்கியவர் எந்த மைக் என்று யாருக்குத் தெரியும்? ‘ரிவைண்ட்’ என்றால் ஒரே ஒருவர்தான்.

3 மார்ச் 2024, இரவு

டிரெயில் பெயரைப் பிறர்தான் வைக்க வேண்டும் என்று விதிபோலப் படும்படி மேலே எழுதிவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. அப்படி விதி எதுவும் இல்லை. தானே பெயர் சூட்டிக்கொண்டு வருகிறவர்களும், பெயரே வேண்டாம் என்று சொந்தப் பெயரோடு நடப்பவர்களும் உண்டு. முதல் வகையினரை மற்றவர்கள் கொஞ்சம் ஏளனமாகப் பார்ப்பார்கள். ‘லோன் உல்ஃப்’, அதாவது தனி ஓநாய், என்று தனக்குத் தானே வைத்துக்கொண்ட ஒருவர், இருட்டில் தனியாகச் சிறுநீர் கழிக்கப் போகப் பயந்து என்னை எழுப்பினார்.

5 மார்ச் 2024

இப்போது பிச்சை. கேள்வி கேட்டவருக்கு ஒரு சொல்லைக் கற்றுத்தருகிறேன். கேட்காமலேயே பிறரிடமிருந்து உணவு வரவழைக்கும் கலைக்கு ஹைக்கர்கள், அதாவது இப்படி நடப்பவர்கள், வைத்திருக்கும் பெயர் ‘யோகி’. சுற்றுலாப் பயணிகளின் கூடைகளைக் குறிவைக்கும் கார்ட்டூன் கரடியிடமிருந்து வந்தது. நம் மொழியில் யோகி என்றால் பசியை வென்றவர். அங்கே பசியை முகத்தில் நன்றாகக் காட்டத் தெரிந்தவர். நீங்கள் பார்த்த நால்வரும் உங்கள் பொட்டலத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார்கள் என்றால், அவர்கள் தங்கள் தொழிலில் தேர்ந்தவர்கள்.

பசி மட்டும் நடிப்பில்லை. நாள்தோறும் 25 கி.மீ. மலையில் ஏறி இறங்குகிறவனுக்கு 4,000 கலோரிக்கு மேல் தேவைப்படும். நான்கைந்து நாளுக்கான அந்த அளவு உணவை முதுகில் சுமக்க முடியாது. ஆகவே எல்லாரும் எடை இழந்துகொண்டே நடக்கிறார்கள். பென்சில்வேனியாவில் பாதி தூரத்தைத் தாண்டியதும், பைன் குரோவ் ஃபர்னஸ் பூங்காவின் கடையில் அரை காலன் ஐஸ்கிரீமை ஒரே அமர்வில் தின்று முடிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. நான் முடித்தேன். அருகில் ஒரு சிறுமி அழத் தொடங்கிவிட்டாள், என்னைப் பார்த்தா வேறு எதற்கா என்று கேட்கும் நிலையில் நான் இல்லை.

மறுபக்கம் ஒன்று இருக்கிறது. சாலை கடக்கும் இடங்களில் கார் டிக்கியைத் திறந்துவைத்து, முன்பின் தெரியாதவர்களுக்குப் பழமும் குளிர்பானமும் கொடுப்பவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். அவர்களுக்கு டிரெயில் ஏஞ்சல் என்று பெயர். அவர்கள் செய்வது டிரெயில் மேஜிக். நாங்கள் கேட்டதால் அவர்கள் வருவதில்லை. அப்படி ஒரு முதியவர் என்னிடம் பேசிக்கொண்டே வாழைப்பழத்தை எடுத்து நீட்டியபோது, அவருடைய கார் கதவின் உட்புறத்தில் முப்பது நாற்பது டிரெயில் பெயர்கள் பேனாவால் எழுதப்பட்டிருந்ததைப் பார்த்தேன். என் பெயரையும் எழுதச் சொன்னார். அவர் எனக்கு இரக்கப்பட்டார் என்று என்னால் எண்ண முடியவில்லை. அந்தக் கதவும் ஒரு நோட்டுப் புத்தகம், நானும் அதில் கையெழுத்திட்டேன், அவ்வளவுதான்.

9 மார்ச் 2024

‘யாராவது உங்களை உண்மையிலேயே வீடற்றவர் என்று நினைத்திருக்கிறார்களா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆம். பென்சில்வேனியாவில் ஜூலை மாதம், நாணயம் போட்டுத் துணி துவைக்கும் கடையில் நடந்தது.

இரண்டே ஜோடி உடை வைத்திருப்பவன் இரண்டையும் ஒரே நேரத்தில் துவைக்க வேண்டுமென்றால் மழைக்கோட்டையும் மழைக் கால்சட்டையையும் வெற்றுடம்பில் அணிந்துகொண்டு காத்திருக்க வேண்டும். வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே நான் கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, வியர்வை முழங்கைவழியே ஒழுக, காலணியின் கிழிந்த முனையைப் பசைநாடாவால் சுற்றிக்கொண்டிருந்தேன். எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் ஐந்து டாலர் தாளை மடித்து என் பக்கத்தில் பெஞ்சின்மீது சத்தமில்லாமல் வைத்துவிட்டு நகர்ந்தார். நான் உடனே எழுந்து, ‘நான் வீடற்றவன் இல்லை, டிரெயிலில் நடப்பவன்’ என்றேன். அவருடைய முகம் மாறிய விதத்தை இன்னும் மறக்க முடியவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொண்டிருந்தவர் நேராகப் பார்த்தார், சிரித்தார், எங்கே தொடங்கினாய், கரடி பார்த்தாயா, அம்மா கவலைப்படுவதில்லையா என்று வரிசையாகக் கேட்டார். நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அந்தக் கடையின் மூலையில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் போன்ற தாடி, என்னைப் போன்ற நாற்றம், உடைமைகள் ஒரு கறுப்புக் குப்பைப் பையில். நான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

10 மார்ச் 2024

தமிழில் பரதேசி என்ற சொல் ஒன்று இருக்கிறது. வேற்றூரிலிருந்து வந்தவன், தலம் தலமாக நடக்கும் துறவி, சோற்றுக்கு அலைபவன் என மூவரையும் அது ஒரே மூச்சில் சொல்லிவிடும், வசையாகவும் சொல்லிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இவர்களுக்குத் தனித்தனிச் சொற்கள் இருப்பதால், நீ எந்தச் சொல்லுக்குரியவன் என்று பார்ப்பவர் உடனே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எதைக்கொண்டு தீர்மானிக்கிறார்கள் என்பதை நான் தற்செயலாகச் சோதித்துப் பார்க்க நேர்ந்தது.

ஏப்ரல் மாதம், வட கரோலினாவின் ஒரு சிறு ஊர். முதுகுப்பையை ஹைக்கர்கள் தங்கும் ஹாஸ்டலில் வைத்துவிட்டுச் சில மைல் தள்ளியிருந்த கடைக்கு நடந்து சென்று, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் உணவு வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் கட்டைவிரலை நீட்டினேன். ஒரு மணி நாற்பது நிமிடம் ஒரு வண்டியும் நிற்கவில்லை. கடைசியில் நின்றது காவல்துறை வண்டி. எங்கே போகிறாய் என்று கேட்ட அதிகாரி என் முகத்தைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார், பிறகு காலணியைப் பார்த்தார். வண்ணம் தெறித்த ஓட்டக் காலணி. அதன்மேல் சேறு படாமலிருக்க மாட்டும் பூப்போட்ட கணுக்கால் உறை. ‘ஓ, ஹைக்கரா’ என்றார். ஹாஸ்டல் வாசலில் இறக்கிவிட்டார். மறுநாள் காலையில் முதுகுப்பையை முன்னால் நிறுத்தி, இரண்டு ஊன்றுகோல்களையும் தெரியும்படி பிடித்துக்கொண்டு அதே சாலையில் நின்றேன். மூன்றாவது வண்டி நின்றது. ‘கோலைப் பார்த்துத்தான் நிறுத்தினேன்’ என்று ஓட்டியவர் தாமாகவே சொன்னார்.

பெரும்பாலும் வெள்ளையர்களே நடக்கும் பாதை அது. என் நிறத்தில் தாடியோடு சாலையோரம் நிற்பவனுக்கு அந்தக் கோல்கள் நடப்பதற்கு மட்டும் உதவவில்லை என்பதை அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன். அதன்பிறகு ஊருக்குள் போனால் காலிப் பையையாவது முதுகில் மாட்டிக்கொண்டுதான் போவேன்.

16 மார்ச் 2024

முன்பெல்லாம் இவர்களுக்கு மரியாதை இருந்தது, இப்போதுதான் கெட்டுவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. பென்டன் மெக்காய் இந்தப் பாதைக்கான யோசனையை 1921இல் முன்வைத்தார். 1937இல் பாதை முழுமை பெற்றது. ஒரே மூச்சில் இதை ஒருவர் நடந்து முடிப்பார் என்று அமைத்தவர்களே நினைக்கவில்லை. இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பிய ஏர்ல் ஷாஃபர் 1948இல் அதைச் செய்துவிட்டு வந்தபோது, பாதையைப் பராமரித்த அமைப்பினர் முதலில் நம்பவில்லை; நாட்குறிப்பையும் எடுத்த படங்களையும் காட்டித்தான் அவர்களை ஏற்கவைக்க வேண்டியிருந்தது. போரை உடலிலிருந்து நடந்து வெளியேற்ற விரும்பியவர் அவர். ‘கிறுக்கன்’ என்று தமக்குத் தாமே பெயர் வைத்துக்கொண்டார். பிறர் வைப்பதற்குமுன் நாமே வைத்துக்கொள்வது மேல் என்று எண்ணினாரோ என்னவோ. 1998இல், 79ஆம் வயதில், மறுபடியும் முழுப் பாதையையும் நடந்தார்.

எம்மா கேட்வுட்டின் கதை இதைவிட என்னைத் தொந்தரவு செய்கிறது. பதினொரு பிள்ளைகள் பெற்ற அவர் 1955இல், 67 வயதில், வீட்டில் தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, கேன்வாஸ் காலணியோடு தனியாக முழுப் பாதையையும் நடந்த முதல் பெண். பிள்ளைகளிடம் நடக்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார். வழியில் செய்தியாளர்கள் கண்டுகொண்டதும் ‘கிராண்ட்மா கேட்வுட்’ என்ற பெயர் நாடெங்கும் பரவியது. அந்தப் பெயரைக் கேட்டால் பலகாரம் சுட்டுத்தரும் பாட்டி நினைவுக்கு வருகிறாள். பல ஆண்டுகள் கணவரிடம் எலும்பு முறிய அடிபட்டு, மணவிலக்குப் பெற்று, பிள்ளைகளை வளர்த்து முடித்துவிட்டுக் காட்டுக்குள் நடந்த பெண் அந்தப் பெயருக்குப் பின்னால் மறைந்துபோனார். அந்த வரலாறு பரவலாகத் தெரியவர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஒருவேளை அவருக்கும் அதுவே வசதியாக இருந்திருக்கலாம்.

17 மார்ச் 2024

நாற்றத்தைப் பற்றி இன்னும் யாரும் கேட்கவில்லை என்பது ஆச்சரியம். செயற்கை இழைத் துணி வியர்வையை விரைவில் உலர்த்தும், வாடையை மட்டும் விடாது. சில வாரங்களில் நம் வாடை நமக்குத் தெரியாமல் போய்விடும். அதற்குப் பதிலாகப் பிறருடைய வாடை தெரியத் தொடங்கும். ஒரு நாள் நடைக்கு வருபவர்கள் வளைவுக்கு அப்பால் இருக்கும்போதே ஷாம்புவும் துணிசோப்பும் மணக்கும். நாங்கள் முகம் சுளிப்போம்.

24 மார்ச் 2024

பெயரை மாற்றிக்கொண்டால் குற்றவாளிகள் ஒளிந்துகொள்ள வசதியாகாதா என்ற கேள்வி நியாயமானது. ஒளிந்திருக்கிறார்கள். ‘பிஸ்மார்க்’ என்ற டிரெயில் பெயரோடு ஆண்டுக்கணக்கில் இந்தப் பாதையில் நடந்து, எல்லாருக்கும் இனியவராக இருந்த தாடிக்காரர் ஒருவர், 2015 மே மாதம் வர்ஜீனியாவின் டமாஸ்கஸில் கைதானார். ஆயிரம் பேர்கூட இல்லாத அந்த ஊருக்கு டிரெயில் டேஸ் திருவிழாவுக்காக ஹைக்கர்கள் ஆயிரக்கணக்கில் கூடும் சமயம் அது. குளிர்பான நிறுவனம் ஒன்றில் கணக்கராக இருந்து 87 இலட்சம் டாலர் கையாடல் செய்துவிட்டு 2009இல் மறைந்தவர் அவர் என்பது அப்போதுதான் அவருடன் சமைத்து உண்டவர்களுக்குத் தெரிந்தது.

‘மோஸ்ட்லி ஹார்ம்லெஸ்’ என்பவரின் முடிவு வேறு. 2017இல் நியூயார்க்கிலிருந்து தெற்கு நோக்கி நடந்தவர். கைபேசி கிடையாது, அடையாள அட்டை கிடையாது. 2018 ஜூலையில் ஃபுளோரிடாவின் தென்கோடிக் காட்டில், கூடாரத்துக்குள், உடல் வற்றி இறந்துகிடந்தார். வழியில் அவரோடு பேசியவர்கள் பலர் இருந்தார்கள், அவர்கள் எடுத்த படங்கள் இருந்தன. சிரித்த முகமும் டிரெயில் பெயரும் எல்லாருக்கும் தெரியும். அவர் யார் என்பது மட்டும் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. மரபணுச் சோதனையின் உதவியோடு கண்டுபிடித்தபின், அவரோடு வாழ்ந்தவர்கள் சொன்ன கதை பாதையில் கண்டவர்கள் சொன்னதைப் போல இனிமையாக இல்லை.

‘பாதையில் மனிதனின் உண்மை முகம் தெரியும்’ என்று நாங்கள் அடிக்கடி சொல்லிக்கொள்வோம். நானே முகாம்தீயைச் சுற்றி உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். இந்த இருவருக்கும் பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை. பாதையில் தெரிவது பாதையில் இருக்கும்போதுள்ள முகம்.

2 ஏப்ரல் 2024

இதுவரை நாங்கள் ஏதோ தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவர்கள் போல எழுதிவந்திருக்கிறேன். அதைக் கொஞ்சம் திருத்த வேண்டும். கட்டாடின் அமைந்திருக்கும் பாக்ஸ்டர் மாநிலப் பூங்காவின் நிர்வாகம் 2014 இறுதியில் வெளிப்படையாகவே புகார் எழுதியது: சிகரத்தில் குடிக்கிறார்கள், பன்னிரண்டு பேருக்கு மேல் கும்பலாக ஏறுகிறார்கள், விதிகள் தங்களுக்கில்லை என்று நடந்துகொள்கிறார்கள், இப்படியே போனால் பாதையின் முடிவிடத்தையே பூங்காவுக்கு வெளியே மாற்றிக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டு ஜூலையில் ஸ்காட் ஜூரெக் 46 நாட்களில் ஓடி முடித்துச் சாதனை படைத்தபோது, உச்சியில் ஷாம்பெயின் திறந்ததற்காக அபராதம் கட்ட நேர்ந்தது. 2016 முதல் நெடுநடையாளர்கள் அங்கே தனி அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும்.

ஆறு மாதம் எல்லாரும் உன்னை வியந்து, ஏற்றிச்சென்று, சோறு போட்டால், அது உனக்குரிய சம்பளம் என்று தோன்றத் தொடங்கிவிடும். தங்களைத் தாங்களே ‘ஹைக்கர் டிராஷ்’, அதாவது ஹைக்கர் குப்பை, என்று தொப்பியில் அச்சிட்டுக்கொள்வார்கள். நானும் அணிந்தேன். குப்பை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள, என்றைக்காவது ஒருநாள் குளித்துவிட்டு அந்தத் தொப்பியைக் கழற்றிவைக்க ஓர் அலமாரி இருக்க வேண்டும். அந்தத் துவைக்கும் கடையின் மூலையில் இருந்தவர் அப்படி ஒரு தொப்பி போட்டிருந்தால் யாரும் சிரித்திருக்கமாட்டார்கள்.

கேள்வி கேட்டவரை அந்த நால்வரும் சுற்றுலாக்காரர் என்று அலட்சியமாகப் பார்த்திருந்தால், அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நாங்கள் அப்படிப் பார்ப்போம்.

14 ஏப்ரல் 2024

மார்ச் 9ஆம் தேதிக் குறிப்பில் ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்தேன் என்று எழுதினேன். கொடுக்கவில்லை. நீட்டினேன், அம்மையார் ‘வைத்துக்கொள், ஐஸ்கிரீம் சாப்பிடு’ என்றார், வைத்துக்கொண்டேன். பிச்சையாக இருந்தபோது கூசிய அதே தாள் பரிசானதும் கூசவில்லை. மூலையில் இருந்தவருக்கு அவரும் எதுவும் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஐந்து ஆண்டுகளாக இதைப் பலருக்கு வேடிக்கையாகச் சொல்லிவந்ததில், திருப்பிக் கொடுத்ததாகவே எனக்கும் நினைவு ஏறிவிட்டிருந்தது.

பெயரைப் பற்றியும் ஒன்று விட்டுப்போயிற்று. என் சொந்தப் பெயர் ஐந்து அசை கொண்டது. வேலை செய்த இடத்தில் முதல் வாரமே அதை இரண்டாக வெட்டிவிட்டார்கள், என்னைக் கேட்கவில்லை; பதினோரு ஆண்டுகள் அந்தத் துண்டுப் பெயருக்குத் திரும்பிப் பார்த்திருக்கிறேன். ஆகவே டிரெயில் பெயர் எனக்கு முதல் புனைபெயர் அன்று, இரண்டாவது. அந்த நாட்டில் ஒருவர்கூடத் தடுக்கி விழாமல் உச்சரித்த என் முதல் பெயர் அதுதான். மற்ற ஹைக்கர்கள் பெயரைத் துறந்ததில் கண்ட விடுதலை எனக்கு வாய்க்கவில்லை. என்னிடமிருந்த பெயரை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஆனால் கரண்டி தொலைந்தது நான், முளையால் தின்றது நான், அந்தப் பெயரில் என் சம்பந்தம் ஏதோ இருந்தது.

29 ஏப்ரல் 2024

நேற்று மாலை மழையில், பாதையிலிருந்து வெகுதொலைவிலுள்ள ஒரு நெடுஞ்சாலையில், முதுகுப்பையோடு ஒருவர் கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நின்றார். வேகத்தைக் குறைத்தபோதே காலணியைப் பார்த்துவிட்டேன் என்பதை நிறுத்திய பிறகுதான் உணர்ந்தேன். சேற்று நிறத்தில் கனமான பூட்ஸ். மலைப் பாதைக்குரியதாகத் தோன்றியது. ஏறி அமர்ந்ததும், டிரெயில் பெயர் என்ன என்று உற்சாகமாகக் கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. பேருந்தைத் தவறவிட்டவர், கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார், பையில் இருந்தவை தலைக்கவசமும் மாற்றுத் துணியும். வைப்பரின் சத்தம் மட்டும் கேட்டது. என் பெயரைக் கேட்டார். ஐந்து அசையையும் முழுதாகச் சொன்னேன். சரி என்று தலையசைத்துவிட்டு, அடுத்த சிக்னலில் இறக்கிவிட்டால் போதும் என்றார்.